மூவர் கேட்ட மெமோ

தப்பு என்னுடையதில்லை என்று சாதிக்கிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். தப்பு என்னுடையதுதான், எனக்கே கொடுங்கள் என்று மூன்று பேர் மல்லுக்கு நின்று ஒரு டாக்டரம்மாவின் உயிரை வாங்கிய கதை இது. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கடைசியில் தீர்ப்பு சொல்ல வேண்டியவர் நீங்கள்.

தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றில் அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளராக இருந்தார் டாக்டர் அமலோற்பவம். அந்த வருடம் கோமகன், அபிநயா, நூருல் அமீன் என்று மூன்று பட்டதாரிகள் அவரிடம் மருத்துவமனை நிர்வாகம் பழக வந்திருந்தார்கள். ஊசி போடுவதோ மருந்து எழுதுவதோ அவர்கள் வேலை இல்லை. நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து வீடு திரும்பும்வரை எங்கேயும் அல்லாடாமல் பார்த்துக்கொள்ளக் கற்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் ஒருவருக்கு மட்டும் அங்கேயே நிரந்தர வேலை. யார் என்று பரிந்துரைக்க வேண்டியவர் அமலோற்பவம். மெமோ வாங்கியவருக்கு அந்த வேலை கிடையாது என்று பயிற்சி விதிகளில் தெளிவாகவே இருந்தது.

அமலோற்பவத்துக்கு இந்தப் பயிற்சி என்றாலே எரிச்சல். லிஃப்ட் ஓடவில்லை, சலைன் பாட்டில் வரவில்லை, பிரசவ வார்டில் தண்ணீர் இல்லை. இதற்கு நடுவே மூன்று பேருக்குப் பாடம் வேறு நடத்த வேண்டும். “டாக்டருக்குப் படிச்சிட்டு டீச்சர் வேலை பார்க்கேன்” என்று தலைமை நர்ஸிடம் புலம்பாத நாளில்லை.

அன்று சென்னையிலிருந்து ஆய்வுக்குழு வந்திருந்தது. மாடி அறையில் அதிகாரிகள் உட்கார்ந்து காத்திருக்க, ப்ரொஜெக்டர் மட்டும் படம் காட்ட மறுத்தது. அதைச் சரிசெய்யத் தெரிந்தவள் அபிநயா. அமலோற்பவம் அவளுக்குப் போன் செய்தார்.

“உடனே மேல வாங்க.”

“மேடம், நான் இப்போ...”

“எந்தக் காரணமும் வேண்டாம். வந்து பேசிக்கலாம்.” போனை வைத்துவிட்டார்.

அபிநயா மூச்சிரைக்க ஓடி வந்து சரிசெய்தாள். மறுபடி நின்றுவிடக் கூடாதென்று அவளை அங்கேயே நிறுத்திக்கொண்டார் அமலோற்பவம். சுவரில் படம் ஓடியது. அதிகாரிகள் முகத்தில் திருப்தி தெரிந்தது. பாதியில் கீழேயிருந்து கூச்சல் கேட்டது.

எல்லோரும் இறங்கிப் போனார்கள். புறநோயாளிகளுக்குச் சீட்டுப் போடும் கவுன்ட்டரில் நாற்காலி காலி. வரிசை வேப்பமரம்வரை நீண்டிருந்தது. காய்ச்சல் குழந்தையை இடுப்பில் வைத்தபடி நின்ற ஒரு பெண் தலைசுற்றி விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டிருந்தாள். குழந்தை தரையில் கிடந்து வீறிட்டது. இருவரையும் உள்ளே கொண்டுபோய்த் தையல் போட்டு, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் அதிகாரிகள் காதுபடவே கேட்டார்: “ஆளில்லாத சேரு முன்னால எவ்வளவு நேரம் நிக்கது? கேக்க நாதியில்லையா?”

அமலோற்பவத்துக்கு முகம் சிவந்துவிட்டது. கவுன்ட்டர் அன்று யார் பொறுப்பு என்று விசாரித்தார். கோமகன் என்றார்கள். ஆளைக் காணோம். அங்கேயே நின்று மெமோவைத் தட்டச்சு செய்யச் சொல்லிக் கையெழுத்திட்டார். நடந்ததற்கு யார் பொறுப்பு என்று சாயங்காலத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்றது ஆய்வுக்குழு.

மத்தியானம் கோமகன் வந்தான். சட்டையெல்லாம் வியர்வை. மெமோவை வாங்கிப் படித்துவிட்டு, “சரிதான் மேடம். சேர் என் பொறுப்பு” என்றான்.

“எங்கே போனீங்க?”

“பலவேசத்தைத் தேடி.”

பலவேசம் ஆட்டோ ஓட்டுகிறவர். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்தவர், தொடர்ந்து இரண்டு முறை வரவில்லை. போனும் அணைந்திருந்தது. கோமகன் போய்ப் பார்த்தபோது கால் வீங்கி, மூச்சுவிடத் திணறிக்கொண்டு வீட்டில் கிடந்தாராம். கையோடு கூட்டிவந்து மெஷினில் போட்ட பிறகுதான் கோமகன் மேலே வந்திருக்கிறான்.

அமலோற்பவம் பதில் சொல்வதற்குள் அபிநயா உள்ளே வந்தாள். “அவர் சும்மா விட்டுட்டுப் போகல மேடம். என்னை உட்காரச் சொன்னார். சரின்னு உட்கார்ந்தேன். இடையில எழுந்து போனது நான்தான். மெமோ எனக்குத்தான் வரணும்.”

அவளுக்குப் பின்னாலேயே நூருல் அமீன். “ரெண்டு பேருக்கும் வேண்டாம் மேடம். டயாலிசிஸ் நேரத்தை மாத்தினது நான். பலவேசம் அண்ணன் பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்துற நேரத்துல அவர் முறையைப் போட்டுட்டேன். ஒரு வார்த்தை கேக்கல. சவாரி போயிடும்னு அவர் வரல. நான் கேட்டிருந்தா யாரும் தேடியே போக வேண்டாம்.”

“என்கிட்ட சொல்லிட்டுப் போனார், நான்தானே...” என்று அபிநயா ஆரம்பிக்க, “உங்களைக் கேட்டதே நான்தானே” என்று கோமகன் குறுக்கிட்டான்.

அமலோற்பவம் மேசையில் கையை ஓங்கி வைத்தார். “மருந்துக்கு வரிசை, சீட்டுக்கு வரிசை, இப்போ மெமோவுக்கும் வரிசையா? மூணு பேரும் வெளிய போங்க.”

போனார்கள். அமலோற்பவம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். ஒருவர் பேரைப் போட்டால் மற்ற இருவரும் விடமாட்டார்கள். மூவர் பேரையும் போட்டால் மூவருக்குமே அந்த நிரந்தர வேலை கிடையாது. பேர் போடாமல் விட்டால் ஆய்வுக்குழு விடாது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போன கோமகனா, ஏற்றுக்கொண்டு எழுந்துபோன அபிநயாவா, கேட்காமல் நேரத்தை மாற்றிய நூருல் அமீனா? அந்த மெமோ யாருக்குப் போயிருக்க வேண்டும்?

விடை: மூவருக்கும் இல்லை. நூருல் அமீன் செய்தது பிழைதான், ஆனால் அது பலவேசத்துக்குச் செய்த பிழை. கவுன்ட்டரை அது காலியாக்கவில்லை. கோமகன் ஆள் வைத்துவிட்டுத்தான் போனான். அபிநயா எழுந்தது கண்காணிப்பாளர் கூப்பிட்டதற்காக. எங்கே இருக்கிறேன் என்று சொல்ல வந்தவளைச் சொல்லவிடாமல் போனை வைத்தவர் அமலோற்பவம். அவர் எதிரில் நின்றபோதும் அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. இது அவருக்கு உறைக்கச் சாயங்காலம் ஆயிற்று. கோமகனின் மெமோவை ரத்து செய்தார். ஆய்வுக்குழு கேட்ட இடத்தில் தன் பேரை எழுதிக் கையெழுத்திட்டார். நெற்றியில் கட்டுப்போட்டிருந்த அந்தப் பெண்ணின் படுக்கைக்குப் போய், நடந்தது என் தவறு என்று சொல்லிவிட்டு வந்தார். மூவரில் யாரைப் பரிந்துரைப்பது என்ற தொல்லை மட்டும் தீரவில்லை. காலையில் ஒருவரும் தேறமாட்டார்கள் போலிருந்தது. இப்போதோ மூவரில் ஒருவரையும் விட மனமில்லை. அதில் அவருக்கு இன்னும் எரிச்சல் வந்தது.