நரி வாசலில் நின்ற எருமை

தாழைமடுக் காட்டில் ஒரு குளம் இருந்தது. அதை நம்பித்தான் மானும் முயலும் நண்டும் பிழைத்தன. எருமைக் கூட்டம் ஒன்றும் பிழைத்தது. அந்தக் கூட்டத்தில் அல்லி என்று ஓர் எருமை.

ஒருநாள் புயலில் பெரிய மருதமரம் ஒன்று வாய்க்காலின் குறுக்கே விழுந்தது. குளத்துக்கு வரும் தண்ணீர் நின்றுபோனது. மரத்தை அகற்ற யானைகள் வேண்டும். யானைகளோ மலைமேல் இருக்கும் சிங்கராஜாவின் சபை உத்தரவிட்டால்தான் வரும்.

அந்தச் சபைக்குத் தாழைமடுத் தொகுதி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஓர் உறுப்பினரை அனுப்பும். தேர்தலில் நிற்பவர்கள் ஆளுக்கொரு குழி தோண்டி வைப்பார்கள். பிடித்தவர் குழியில் ஒரு புளியங்கொட்டையைப் போட வேண்டும். அதுதான் ஓட்டு.

முதலில் மயில் நின்றது. "நான் ஜெயித்த மறுநாளே மரம் நகரும்!" என்றது. ஜெயித்தது. சபையில் தோகை விரித்து ஆடியது. ராஜா ரசித்தார். மரம் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அடுத்து குரங்கு. "மயில் என்னத்தைக் கிழித்தது?" என்று மரத்துக்கு மரம் தாவிக் கேட்டது. ஜெயித்தது. மலைமேல் பலாமரங்கள் அதிகம். அந்த ஐந்து வருஷமும் குரங்கு இறங்கி வரவே இல்லை.

அதற்கடுத்து நரி. "அவர்கள் பெரிய இடம். நான் உங்களில் ஒருவன்!" என்று கண்ணீர் விட்டது. ஜெயித்தது. சபையில் காலையில் சிங்கத்தின் பக்கம் உட்கார்ந்தது. மாலையில் புலியின் பக்கம் உட்கார்ந்தது. மரத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் ஜெயித்தவரை முதுகில் ஏற்றி ஊர்வலம் போனது அல்லிதான். முதுகு வலித்தாலும் அப்போதெல்லாம் மனசு நிறைந்திருந்தது. இப்போது முதுகும் வலித்தது, மனசும் வலித்தது.

குளம் சுருங்கிப் பாதியானது. மறுபடியும் தேர்தல் வந்தது. குரங்கும் மறுபடி போட்டியிட்டது. நரி ஓடி வந்தது.

"அல்லிக்கா! இன்னும் ஒரே ஒரு வாய்ப்புக் குடுங்க!"

"போன தடவை குடுத்ததை என்னப்பா பண்ணினே?"

"அதை விடுங்கக்கா. குரங்கு வந்தா இன்னும் மோசம்!"

"நீயும் வேண்டாம், குரங்கும் வேண்டாம். எனக்குச் சலிச்சுப் போச்சு. நான் ஓட்டே போடப் போறதில்லை!"

அல்லி சொன்னதும் மற்ற எருமைகளும் தலையாட்டின. ஓட்டு நாளன்று கூட்டம் முழுவதும் சேற்றில் படுத்துக் கிடந்தது.

அந்தத் தடவை குளத்து முதலையும் தேர்தலில் நின்றிருந்தது. அது எந்த வாக்கும் கொடுக்கவில்லை. தின்று மிஞ்சிய மீனை நண்டுகளுக்கும் பருந்துகளுக்கும் போட்டது. அவை தவறாமல் வந்து முதலையின் குழியில் கொட்டை போட்டன. முதலை ஜெயித்துவிட்டது. எருமைகள் எழுந்து வந்திருந்தால் தோற்றிருக்கும்.

முதலை நேராக அல்லியிடம் வந்தது. "ரொம்ப நன்றி!" என்றது.

"எனக்கெதுக்கு நன்றி? நான் உனக்கு ஓட்டுப் போடலையே!"

"நீ யாருக்குமே போடலையே. எனக்கு அது போதாதா?" என்று சிரித்தது.

முதலைக்கு மரம் நகரவே கூடாது. குளம் வற்ற வற்ற, நடுவில் இருந்த ஒரே மடுவில்தான் தண்ணீர் தங்கியது. அது முதலையின் மடு. தாகம் எடுத்தவர்கள் அங்கேதான் வந்தாக வேண்டும். வந்த மான்களில் சில திரும்பவில்லை. ஒருநாள் அல்லியின் கன்று தண்ணீரில் வாய் வைத்தது. முதலை அதன் பின்னங்காலைக் கவ்வியது! அல்லி பாய்ந்து கொம்பால் குத்திக் கன்றை மீட்டது. கன்று உயிர் பிழைத்தது. ஆனால் கால் ஊனமாகிவிட்டது.

கன்று நொண்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் அல்லிக்கு அந்தச் சேற்றில் படுத்துக் கிடந்த நாள் நினைவுக்கு வந்தது.

மறுபடியும் தேர்தல் வந்தது. முதலையும் நரியும்தான் போட்டி. அல்லி புளியங்கொட்டையைக் கவ்விக்கொண்டு கிளம்பியது. தங்கை எருமை மரகதம் வழிமறித்தது.

"நரிக்கா போடப் போறே? உனக்கு வெட்கமா இல்லையா?"

"இருக்கு. ஆனா முதலைக்கு நரி தேவலை."

"நரி மட்டும் என்ன செய்யப் போகுது?"

"தானா ஒண்ணும் செய்யாது. ஓட்டுப் போட்டதோட வேலை முடிஞ்சுதுன்னு நாம திரும்பிப் படுத்துக்கிட்டோம் பாரு, அதுதான் நாம பண்ணின தப்பு. வா, நீயும் போடு. அப்புறம் என்கூட வந்து நில்லு."

எருமைகள் எல்லாம் வந்தன. நரி ஜெயித்தது. மறுநாள் காலையில் நரி கண்விழித்தபோது குகை வாசல் இருட்டாக இருந்தது. அல்லி நின்றுகொண்டிருந்தது.

"என்னக்கா, வாழ்த்துச் சொல்ல வந்தீங்களா?"

"மரம்," என்றது அல்லி.

"நேத்துத்தானே ஜெயிச்சேன்! மூச்சு விட விடுங்க!"

"தாராளமா விடு. நான் இங்கேயே நிக்கறேன்."

நரி கெஞ்சியது. பிறகு கத்தியது. "கூறுகெட்ட மாடே, போ!" என்று திட்டியது. எல்லாம் எருமை மேல் மழை பெய்த மாதிரிதான். அல்லி அசையவில்லை. மரகதம் வந்து பக்கத்தில் நின்றது. மான்கள் வந்தன. முயல்கள் வந்தன. சில நாள் கூட்டம் கரைந்துவிடும். அல்லியும் மரகதமும் மட்டும் மிஞ்சும். கால்கள் கடுக்கும். 'போதும், போய்ப் படுத்துவிடலாம்' என்று அல்லிக்குப் பலமுறை தோன்றியது. போகவில்லை.

நரி மலைக்குப் போனால் அல்லியும் மூச்சிரைக்க மலை ஏறியது. சபை வாசலில் போய் நின்றது.

"யார் அது? தினமும் நிற்கிறதே!" என்று சிங்கராஜா கேட்டார்.

"என் தொகுதி எருமை, ராஜா," என்று நரி நெளிந்தது.

"என்ன வேண்டுமாம்?"

வேறு வழியில்லை. நரி முதல்முறையாகச் சபையில் மரத்தைப் பற்றிப் பேசியது. உத்தரவு பிறந்தது. மழைக்காலத்துக்குள் யானைகள் வந்து மரத்தை இழுத்துப் போட்டன. வாய்க்காலில் தண்ணீர் சலசலத்து வந்தது. குளம் நிறைந்து கரையெல்லாம் தண்ணீர் ஆனதும் விலங்குகள் முதலையின் மடுப்பக்கமே போகவில்லை.

நரி கரைமேல் ஏறி நின்றது. "பார்த்தீர்களா என் சாதனையை!" என்று ஊளையிட்டது.

மரகதத்துக்குக் கோபம் வந்தது. "நீ நின்னு வாங்கினதை அது தன் பெயர்ல எழுதிக்குது! கேட்டுக்கிட்டு நிக்கறியே!"

அல்லி கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக் கிடந்தது. "சொல்லிட்டுப் போகட்டும். வடக்குக் கரை அரிச்சுக் கிடக்கு, பார்த்தியா? இன்னிக்குக் கொஞ்சம் படுத்துக்கறேன். நாளைக்கு அதுக்குப் போய் நிக்கணும்."

ஓட்டுப் போட்டதோடு ஒதுங்குபவரும் ஓட்டே போடாமல் ஒதுங்குபவரும் ஏமாந்து போவார்கள். அனுப்பி வைத்தவரை விடாமல் கேட்பவருக்கே காரியம் நடக்கும்.