மூடி போட்ட டம்ளர்

"தண்ணியைத் தொடலாமா, கூடாதா மேடம்?"

லோகநாதன் கேட்டார். கேட்கும்போதே எச்சில் விழுங்கினார்.

ரெபேக்கா நிமிர்ந்து பார்த்தாள். காந்திபுரத்தில், செல்போன் கடைக்கு மேல் மாடியில், எம்.பி.ஏ. இண்டர்வியூவுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். லோகநாதனைவிடச் சின்னவள். யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவாள். பேங்க் மேனேஜர் குரலில் போன் போட்டு, கீழ்க்கடைக்காரரை எழுந்து நிற்கவைத்தவள்.

"எந்தத் தண்ணி?"

"இண்டர்வியூ மேசை மேல வைப்பாங்களே. மூடி போட்ட டம்ளர்."

"தாகம் எடுத்தா குடிங்க."

"இல்லைங்க மேடம். குடிச்சவங்களுக்குப் பெரும்பாலும் சீட் கிடைக்கிறதில்லைங்க."

மடிக்கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். இண்டர்வியூவில் தங்களுக்கு என்ன நடந்தது என்று ஆட்கள் இணையத்தில் எழுதியதையெல்லாம் மாதக்கணக்கில் சேர்த்துவைத்திருந்தார். என்ன கேட்டார்கள், என்ன நிறச் சட்டை, தண்ணீர் குடித்தாரா, சீட் கிடைத்ததா. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

"பாருங்க. குடிச்சவங்கள்ல முக்காவாசிப் பேர் அவுட். குடிக்காதவங்கள்ல பாதிப் பேர் உள்ளே. நான் சொல்லலைங்க, டேட்டா சொல்லுது."

குடிக்காமலே இருந்துவிடலாம். ஆனால் பயம் வந்தால் லோகநாதனுக்குத் தொண்டை வறண்டுவிடும். போன மாதம் இரண்டு கல்லூரியில் அதுதான் நடந்தது. "ஏன் டேட்டா அனலிடிக்ஸ்?" என்று, அவர் விண்ணப்பித்திருந்த தரவு ஆய்வுப் பிரிவைப் பற்றிக் கேட்டார்கள். தொண்டை 'க்ஹர்ர்' என்றது. அதையே பதிலாக எழுதிக்கொண்டார்கள்.

மிச்சம் ஒரே ஒரு கல்லூரி. நாளைக் காலை.

அதுவும் போனால் பம்பு கம்பெனியில் புகார் போன் எடுக்கிற அதே நாற்காலி. "மோட்டார் ஓடலைங்களா? கரண்ட் இருக்கான்னு பாருங்க." ரிட்டயர் ஆகிறவரை அதே வசனம். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இன்னொரு தடவை நுழைவுப் பரீட்சை எழுத வீட்டில் விடமாட்டார்கள்.

"குடிச்சா சீட் போயிடும். குடிக்கலைன்னா குரல் போயிடும். நான் என்னங்க மேடம் பண்றது?"

ரெபேக்கா எழுந்தாள்.

"இங்க வாங்கண்ணா. என் நாற்காலியில உட்காருங்க."

"நானா?"

"நீங்கதான் ப்ரொஃபசர். நான் லோகநாதன்."

டம்ளரில் தண்ணீர் ஊற்றி மூடி போட்டு மேசை மேல் வைத்தாள். மார்க் போடுகிற தாளையும் பேனாவையும் அவர் கையில் திணித்தாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். தட்டினாள்.

திரும்ப உள்ளே வந்தது ரெபேக்கா இல்லை.

தோள் குறுகியிருந்தது. நாற்காலி நுனியில் பாதி உடம்பு. பார்வை தரையில்.

"குட் மார்னிங் சார்."

அது லோகநாதனின் குரல். தினமும் கண்ணாடி பார்க்கிறவர்தான். இவ்வளவு பயந்த ஆளை அதில் பார்த்ததில்லை.

"கேளுங்க சார்" என்றது அந்தக் குரல்.

"ஏன்... ஏன் டேட்டா அனலிடிக்ஸ்?"

"இன்றைய உலகில் முடிவுகள் அனைத்தையும் தரவுகளே தீர்மானிக்கின்றன சார். ஆகவே எனது நீண்டகால இலக்கு..."

அவருடைய மனப்பாடம். ஒரு எழுத்து பிசகவில்லை. கேட்கக் கேட்க லோகநாதனுக்குக் கொட்டாவி வந்தது.

"அதை விடுங்க. வேலை பார்க்கிற இடத்துல நீங்களா எதையாவது கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன் சார்." குரல் தணிந்தது. "மழைக்காலத்துல பம்பு புகார் குறைஞ்சுது சார். நம்ம பம்பு பிரமாதமா ஓடுதுன்னு மேனேஜர் கேக் வெட்டினார். மழை பேயும்போது எவன் பம்பு போடறான்னு எனக்குத் தோணுச்சு. வாயைத் திறக்கலை சார். கேக்குக்கு மட்டும்தான் திறந்தேன்."

பயிற்சிக்குச் சேர்ந்த அன்று லோகநாதனே சிரித்துக்கொண்டு சொன்ன கதை. இப்போது அவரை அறியாமல் முன்னால் சாய்ந்தார்.

"சரி, அப்புறம்?"

"அப்புறம் சார்... க்ஹர்ர்."

அதே வறட்சி. அதே எச்சில் விழுங்கல். கண் டம்ளருக்குப் போனது. ஓடி வந்தது. மறுபடி போனது. கை மட்டும் மடியைவிட்டு நகரவில்லை.

அவருக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. மூடியை எடுத்து டம்ளரை அவள் பக்கம் தள்ளினார்.

"முதல்ல குடிங்க. மெதுவாச் சொல்லுங்க."

குடித்தாள். 'மடக் மடக்' என்று, கடைசிச் சொட்டு வரை. டம்ளரை வைத்தபோது பழைய ரெபேக்கா திரும்பியிருந்தாள்.

"தண்ணி குடிச்சதுக்கு எத்தனை மார்க் குறைச்சீங்கண்ணா?"

லோகநாதன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை தேடினார்.

"அப்படி ஒரு கட்டமே இல்லைங்களே."

"குடிச்சவங்க ஏன் குடிச்சாங்கன்னு உங்க கம்ப்யூட்டர்ல ஒரு கட்டம் இருக்குங்களா?"

"இல்லைங்க."

"சரி, போயிட்டு வாங்க." அவள் டம்ளரைக் கழுவ எடுத்தாள். "அந்தக் கேக் நல்லா இருந்துச்சுங்களா?"

லோகநாதனுக்குப் புரியவில்லை. பயமும் குறையவில்லை.

மறுநாள் காலை கல்லூரி வராந்தாவில் வரிசையாகக் கோட்டு போட்டவர்கள். எல்லார் உதடும் அசைந்தது. சத்தம் மட்டும் இல்லை. லோகநாதனின் தொண்டை அப்போதே காய்ந்துவிட்டது.

கதவு திறந்தது. ஒரு பையன் வெளியே வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"தெரியாம தண்ணியைக் குடிச்சுத் தொலைச்சிட்டேன் ப்ரோ. அவ்வளவுதான். காலி."

"ஏன் குடிச்சீங்க?"

"பின்ன என்ன பண்றது? முதல் கேள்வியிலேர்ந்து ஒண்ணுக்கும் பதில் வரலை. மூணு பேரும் என்னையே பார்க்கிறாங்க. பயத்துல எடுத்துக் குடிச்சேன்."

அவன் போய்விட்டான்.

பதில் வராததால்தான் குடித்திருக்கிறான். லோகநாதனின் வறண்ட நாக்கில், எங்கிருந்தோ, அந்த மழைக்காலக் கேக்கின் ருசி வந்தது.

"மிஸ்டர் லோகநாதன்."

உள்ளே மூன்று பேர். நீள மேசை. மூடி போட்ட டம்ளர். உட்கார்ந்ததில் நாற்காலி 'க்ரீச்' என்றது.

நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"சொல்லுங்க. ஏன் டேட்டா அனலிடிக்ஸ்?"

'க்ஹர்ர்.'

லோகநாதன் கையை நீட்டினார். எடுத்த மூடி டம்ளர் விளிம்பில் பட்டு 'டிங்' என்றது. எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன. அவர் நிதானமாகக் குடித்தார். டம்ளரை வைத்தார்.

"இந்தத் தண்ணியிலேர்ந்தே ஆரம்பிக்கட்டுங்களா மேடம்?"