தோட்டாவுக்குச் சந்தனம்

தவிட்டுமலை சமஸ்தானத்து ராஜா சொக்கேந்திர பூபதிக்குத் துப்பாக்கி என்றால் உயிர். துப்பாக்கிக்குத்தான் ராஜாவைப் பிடிக்கவில்லை.

சீமையிலிருந்து வந்த சின்ன ரகத் துப்பாக்கி அது. பட்டாணி அளவுக் குண்டு. நாற்பது கஜத்துக்கு அப்பால் ஒரு கம்பம். அதில் ஆணியடித்த அட்டை. அட்டை நடுவே கரும்புள்ளி. ராஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு சுடுவார். ஒரு குண்டு புள்ளிக்கு மேலே போகும். அடுத்தது கீழே போகும். மூன்றாவது ஊருக்குள் போகும். போன விஜயதசமிப் போட்டியில் தவில் ஒன்று கிழிந்தது. பக்கத்து ஜமீன்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோப்பையையும் அவரே கொண்டுபோனார்.

இந்த வருஷப் போட்டி நெருங்கியது. ராஜா சபையில் உறுமினார்.

"பிச்சாண்டி!"

பிச்சாண்டி அரண்மனை விகடன். சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். திட்டு வாங்குவதும் அதே சம்பளத்தில்தான்.

"என் கை ஆடவில்லை. கண் கெடவில்லை. குண்டு மட்டும் ஏண்டா ஆளுக்கொரு திசையாகப் போகிறது?"

"மகாராஜா, எல்லாம் ஒரே தொகுதியில் வந்த தோட்டா. ஒரே அளவு மருந்து, ஒரே எடை ஈயம். பெட்டியிலிருந்து அப்படியே எடுத்து, மணல்மூட்டை மேல் துப்பாக்கியைச் சாய்த்து நேற்று சுட்டுப் பார்த்தேன். பத்துக் குண்டும் ஒரு காலணாக் காசுக்குள் அடங்கிவிட்டன. சபைக்கு வந்த பிறகுதான் கெட்டுப்போகின்றன."

"யார் கெடுப்பது?"

பிச்சாண்டி சுற்றிலும் பார்த்தான். சொன்னாலும் வம்பு, சொல்லாவிட்டாலும் வம்பு.

"மரியாதை கெடுக்கிறது, மகாராஜா."

விஷயம் இதுதான். ராஜாவின் பாட்டனார் காலத்தில் இருந்தது பீரங்கி. பூசணிக்காய் பருமன் குண்டு. அதற்குத் திவான் சந்தனம் பூசுவார், தளவாய் குங்குமம் வைப்பார், ராஜகுரு திருநீறு இடுவார். பீரங்கி போய்த் துப்பாக்கி வந்தது. குண்டு சிறுத்துப் பட்டாணியாயிற்று. மரியாதை மட்டும் சிறுக்கவில்லை. அரண்மனைகளில் சம்பளத்தைக் குறைப்பார்களே தவிர, பெரிய மனிதர்களின் மரியாதையைக் குறைத்ததாக யார் கேள்விப்பட்டது? சீமைக்காரன் குண்டின் மேல் அளவாகப் பூசி அனுப்பிய மெழுகின் மீது மூன்று கைகள் விளையாடின. ஒன்றில் சந்தனம் கட்டி, இன்னொன்றில் குங்குமம் தூக்கல். கனம் எந்தப் பக்கமோ, குண்டும் அந்தப் பக்கம்.

திவான் கோதண்டபாணி எழுந்தார்.

"என்னடா சொன்னாய்? எங்கள் வம்சத்து உரிமையடா அது! ஒருவருக்கு உள்ள மரியாதையைப் பிடுங்குவது நம் சமஸ்தானத்து வழக்கமே இல்லை!"

"ஆமாம், ஆமாம்!" என்றார்கள் தளவாயும் ராஜகுருவும்.

திவான் ராஜா பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். "குண்டைப் பற்றி இவ்வளவு தெரிந்தவன், போட்டியன்று அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டுமே!"

"நல்ல யோசனை! குண்டு தப்பினால் உன்மேல்தான் தப்பும், பிச்சாண்டி" என்றார் ராஜா.

பிச்சாண்டி குனிந்து கும்பிட்டான்.

"உத்தரவு. ஆனால் மகாராஜாவின் அட்டையைப் பிடிப்பவன் வெறும் ஆளாகப் போகலாமா? பட்டுச் சால்வை, குடை, நாகஸ்வரம் வேண்டும்."

சாகப்போகிறவன் கேட்கிறான், கொடுப்போம் என்று ராஜா தலையசைத்தார்.

போட்டி நாள். நாகஸ்வரம் முழங்க, குடை நிழலில், சால்வை புரள, அட்டையை நோக்கி நடந்தான் பிச்சாண்டி. பக்கத்து ஜமீன்தார் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டார்.

"யார் இந்தப் பிரபு? உங்கள் திவானுக்கும் மேலோ?"

திவானுக்குக் காது சிவந்தது. "டேய், நில்! நான் இருக்கும்போது உனக்கென்ன முதல் மரியாதை? கொடு குடையை!"

"ஐயா, இது ஆபத்தான..."

"வாயை மூடு!" சால்வை திவான் தோளுக்குப் போயிற்று. திவான் போனால் தளவாய் சும்மா இருப்பாரா? ராஜகுருதான் விடுவாரா? அட்டையின் வலப்பக்கம் திவான், இடப்பக்கம் ராஜகுரு, கீழ்விளிம்பைப் பிடித்துக் குந்தியபடி தளவாய்.

"அட்டையை விட்டவர் பதவியையும் விட்டவர்!" என்று அறிவித்தார் ராஜா.

காலையிலேயே மரியாதை முடிந்த தோட்டாக்கள் தட்டில் இருந்தன. ராஜா சுட்டார். திவானின் குடை பிய்ந்து பறந்தது.

"ஐயோ!"

"ஏண்டா பிச்சாண்டி, இப்படிப் போகிறது?"

பிச்சாண்டி தட்டைப் பார்த்து, கம்பம் வரை கேட்கும்படி கத்தினான்: "அது திவான் ஐயாவின் சந்தனம், மகாராஜா! வலப்பக்கம் கனம்! அடுத்ததில் ராஜகுருவின் திருநீறு இடப்பக்கம் தாராளம்! அதற்கடுத்ததில் தளவாயின் குங்குமம் அடியில் கட்டியாக இருக்கிறது! அது கீழே இறங்கும்!"

குந்தியிருந்த தளவாய் தவளைபோலத் துள்ளினார். "துடையுங்கள்! என் குங்குமத்தைத் துடையுங்கள்!"

"திருநீறு மனசில் இருந்தால் போதும்!" என்று அலறினார் ராஜகுரு.

"சந்தன உரிமையை விட்டேன்! நானும் விட்டேன், என் வம்சமும் விட்டது! புதுப் பெட்டியை உடையுங்கள்!"

"ஒரே தொகுதிதானா என்று பாரடா, பிச்சாண்டி!" என்றார் தளவாய் அழாக்குறையாக.

பிச்சாண்டி நிதானமாகக் குழலைத் துடைத்தான். புது மெழுகு குழலில் படிய வேண்டுமென்று சில குண்டுகளை மண்மேட்டில் சுட வைத்தான். ஒவ்வொரு சத்தத்துக்கும் கம்பத்தடியில் மூன்று பேர் தனித்தனியாகச் செத்துப் பிழைத்தார்கள். பிறகு ராஜா அட்டையைக் குறிவைத்தார். பத்துக் குண்டும் கரும்புள்ளிக்குள் ஒரே பொத்தலாகப் போயின. ஜமீன்தார் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டி ஏறினார்.

ராஜா பிச்சாண்டியைக் கூப்பிட்டார். "வம்சத்து உரிமை என்று அன்றைக்கு அந்தக் குதி குதித்தார்கள். இன்றைக்கு ஒரு நொடியில் விட்டுவிட்டார்களே, எப்படியடா?"

"அன்றைக்குக் குண்டுக்கு எதிரே நிற்க வேண்டியவன் நான், மகாராஜா. அதனால் அவர்களுக்குப் பாட்டனார் ஞாபகம் வந்தது. இன்றைக்கு நின்றது அவர்கள். பேரப்பிள்ளைகள் ஞாபகம் வந்துவிட்டது."

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை கழன்று விழுந்தது. திவான் கழற்றிப் போட்டிருந்த சால்வையை எடுத்து நீட்டினார். "பிடி, இந்தச் சால்வை உனக்கே! இனி அட்டை பிடிக்கும் மரியாதையும் உனக்கே, உன் வம்சத்துக்கே!"

பிச்சாண்டி சால்வையை மட்டும் வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"மன்னிக்க வேண்டும் மகாராஜா. அது திவான் ஐயா தாமாகக் கேட்டு வாங்கிய மரியாதை. ஒருவருக்கு உள்ள மரியாதையைப் பிடுங்குவது நம் சமஸ்தானத்து வழக்கமே இல்லையே!"