குருவம்மாளின் ஞாயிற்றுக்கிழமை

இந்தப் புதிரை அவிழ்க்கப் பெரிய மூளை வேண்டாம். யாருக்காகவாவது ஏங்கிக் காத்திருந்த அனுபவம் கொஞ்சம் இருந்தால் போதும்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை. அங்கே அறுந்த இழைகளை ஒட்டும் வேலை குருவம்மாளுக்கு. கணவன் சடையாண்டி லாரி ஓட்டுகிறவன். ஞாயிறு விடிந்தபின் வீடு வந்து, பொழுது சாயுமுன் கிளம்பிவிடுவான். ஆலையில் ஞாயிறு விடுமுறை என்று சொல்லித்தான் அவளைச் சேர்த்திருந்தார்கள். அந்த ஒரு பகலை நினைத்துத்தான் வாரம் முழுக்க ஓட்டினாள்.

ஒரு சனிக்கிழமை, தேநீர் இடைவேளையில் புது மேலாளர் ஞானசிகாமணி வந்து நின்றார். "நாளையிலேர்ந்து ஞாயிறு வேலை உண்டு. பதிலுக்குப் புதன்கிழமை லீவு. எந்தக் கிழமையா இருந்தா என்ன?"

சங்கத் தலைவர் பொன்னுரங்கம் யாரையும் கேட்காமல் தலையாட்டினார். பிடிக்காததைக் காட்ட அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. தேநீரைத் தொடாமல் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அன்று டம்ளர்கள் எல்லாம் நிரம்பியே கிடந்தன. மேலாளரோ, ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை என்று நிம்மதியாகப் போனார். மகாராசன்!

அதன்பிறகு அவள் ஆலைக்குப் போனபின் அவன் வந்து, அவள் திரும்புமுன் கிளம்பிவிட, புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்க்காமலே குடித்தனம் நடத்தினார்கள். அவள் மூடிவைத்த குழம்பை அவன் தனியாகச் சாப்பிட்டான். அவன் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்க மனமில்லாமல், புதன்கிழமைகளில் மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மேலாளரிடம் போய், "நாளைக்கு வரமாட்டேன் சார்" என்றாள்.

"இத்தனை வாரம் வந்தீங்கல்ல? ஒத்துக்கிட்டதாத்தானே அர்த்தம்? வரலேன்னா வேலை கிடையாது."

"எல்லாருக்கும் சேத்து நான்தான் சரின்னுட்டேனே தாயி" என்றார் பக்கத்தில் நின்ற பொன்னுரங்கம்.

"பயத்துல வந்தேன் சார். நான் எப்ப ஒத்துக்கிட்டேன்? அந்தாளு மொகத்தப் பாக்கணும் போல இருக்கு."

மூவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: குருவம்மாள் பக்கம். சேரும்போது இருந்த வேலை நிபந்தனையை மாற்றுவதென்றால், முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, மறுப்புச் சொல்ல அவகாசமும் தரவேண்டும். முந்தின நாள் வாயால் சொன்னது செல்லாது. ஆட்களைக் கேட்காமல் தலைவர் தலையாட்டியதும், வேலை போய்விடுமென்று பயந்து அவள் வந்ததும் சம்மதமாகிவிடாது. தொழிலாளர் அலுவலகத்தில் அவள் போய் இதைச் சொன்னபின் ஞாயிறு திரும்பக் கிடைத்தது. அந்த முதல் ஞாயிறன்று சடையாண்டி அசதியில் வந்ததும் படுத்துத் தூங்கிவிட்டான். அவள் எழுப்பவில்லை. அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், அவன் கிளம்பும் நேரம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.