ஏழாம் அறைத் தாழ்ப்பாள்

மாடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்பை இரும்பு கடிப்பது போல. நின்றது. மறுபடியும் வந்தது.

கீழே மேசையருகே உட்கார்ந்திருந்த இஞ்ஞாசி நிமிர்ந்து மேலே பார்த்தார். கடலோரத் திருத்தலம் ஒன்றில் பன்னிரண்டு அறைகள் உள்ள லாட்ஜ் அவருடையது. பெருந்தொற்று நாளில் நோயாளிகளைத் தனியே வைக்க அதிகாரிகள் அதை எடுத்துக்கொண்டார்கள். திருப்பித் தந்து ஓராண்டு ஆகிறது. வருகிறவர்கள் அறையைப் பார்ப்பார்கள், "யோசிச்சுட்டு வர்றோம்" என்பார்கள், அவ்வளவுதான். திங்கட்கிழமை வெங்காய வியாபாரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டால் அது வெங்காய குடோன்.

அன்று மாலைதான் தியான இல்லத்து ஆக்னஸிடம் போய்க் கேட்டிருந்தார். ஆக்னஸ் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் குரு.

"எல்லாம் செஞ்சு பாத்துட்டேம்மா. புது பெயின்ட், பாதி வாடகை. காலை டிபன் ஃப்ரீன்னு போர்டு வச்சேன். ஒரு ஆளு டிபனை மட்டும் சாப்பிட்டுட்டுப் போயிட்டான். இந்த லாட்ஜ் மறுபடி எந்திரிக்குமா?"

"ராத்திரிக்கு எனக்கு ஒரு ரூம் குடுங்கண்ணே. ஏழாம் நம்பர்."

"எட்டுல நல்லா காத்து வரும்."

"ஏழு."

இப்போது சத்தம் அந்த ஏழிலிருந்துதான். டார்ச்சை எடுத்துக்கொண்டு படியேறினார். இருட்டிய பிறகு அவர் மேலே போய் வெகுநாள் ஆயிற்று.

ஆக்னஸ் வராந்தாவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் திருப்புளி. கதவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டீங்களா?"

"இல்ல."

"டார்ச் ஆடுது."

அவர் டார்ச்சைத் தாழ்த்தினார்.

"இத்தனை பெரிய தாழ்ப்பாள் வெளிப்பக்கம் எதுக்குண்ணே?"

"அப்போ போட்டதும்மா. நோயாளிங்க வெளிய வந்துரக் கூடாதுன்னு. உள்பக்கம் இருந்த தாழ்ப்பாளை எடுக்கச் சொன்னாங்க."

"அப்புறம் மாத்தவே இல்ல. மேல பச்சை பெயின்ட் அடிச்சிருக்கீங்க."

"கதவோட சேத்து அடிச்சுட்டாங்க."

"ஆளுங்களுக்கு ரூமைக் காட்டும்போது எங்க நிப்பீங்க?"

"இங்கதான். வாசல்ல."

"உள்ள போயிக் கதவைச் சாத்திப் பாத்ததில்லையா?"

இஞ்ஞாசி சுவரில் சாய்ந்தார்.

"இந்த ரூம்ல ஒரு பொண்ணு இருந்தா. கைப்பிள்ளை வீட்டுல இருக்கு, ஜன்னல் வழியா ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்னு ராத்திரி பூரா கதவைத் தட்டினா. நாலு மணிக்குத் தட்டுறது நின்னுச்சு. காலையில தூக்கிட்டுப் போனாங்க. உயிர் இல்ல."

"தாழ் போட்டது யாரு?"

"அதிகாரிங்க சொன்னாங்க..."

"யாரு?"

"நான்."

ஆக்னஸ் கடைசித் திருகாணியையும் கழற்றினார். தாழ்ப்பாளையும் திருப்புளியையும் அவரிடம் நீட்டினார்.

"உள்பக்கம் போடுங்க."

இஞ்ஞாசி அறைக்குள் போனார். திருகாணி இரண்டு முறை கைநழுவி விழுந்தது. கட்டிலுக்கடியில் தடவி எடுத்து முடுக்கினார்.

முடித்தபோது கீழே யாரோ கூப்பிட்டார்கள். தோளில் குழந்தையுடன் ஒரு பெண். கடைசி பஸ் போய்விட்டதாம். தெருவில் வேறெங்கும் விளக்கு இல்லையாம்.

மேலே அழைத்து வந்தார். அவள் கட்டிலைப் பார்க்கவில்லை, பாத்ரூமைப் பார்க்கவில்லை. வாடகையும் கேட்கவில்லை.

"உள்ள தாழ்ப்பாள் இருக்கா?"

"இப்பதாம்மா போட்டேன்."

அவள் அதை இழுத்துப் பார்த்தாள். தள்ளிப் பார்த்தாள். மறுபடியும் ஒரு முறை இழுத்தாள். பிறகு பையைக் கீழே வைத்தாள். ஆக்னஸ் தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வர, அவள் கதவைச் சாத்தினாள்.

வராந்தாவில் இஞ்ஞாசி தணிந்த குரலில் கேட்டார்: "ஒரே ஒரு ஆளு. இதை நம்பி நான் திங்கட்கிழமை சாவியைக் குடுக்காம இருக்கலாமா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே. இப்ப உள்ள தாழ் போட்டு உங்களை வெளிய நிறுத்த அவளால முடியும்."

உள்ளே குழந்தை சிணுங்கி அடங்கியது. தாழ்ப்பாள் நகர்ந்து விழுந்தது.