அடுப்பைக் கேட்டுட்டு வாங்க

"தூங்காமலே இருக்க ஒரு வழி சொல்லிக் குடுங்க அம்மா" என்றாள் செண்பகவடிவு.

மடத்துக்கு வருகிறவர்கள் என்னென்னவோ கேட்பார்கள். மனசு அடங்க வழி கேட்பார்கள், கோபம் போக வழி கேட்பார்கள். தூக்கம் வர வழி கேட்கிறவர்களும் உண்டு. வருகிற தூக்கத்தை விரட்ட வழி கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான்.

பிச்சம்மை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஆற்றங்கரை மடத்துக்கு அவள்தான் குரு. வயதில் செண்பகத்தைவிடச் சின்னவள். அதனால் குருவை இவள் அம்மா என்பாள், குரு இவளை அக்கா என்பாள். பார்க்கிறவர்களுக்குத்தான் தலை சுற்றும்.

"எதுக்குக்கா தூங்காம இருக்கணும்?"

செண்பகம் மடியைக் காட்டினாள். சுற்றிய துணிக்குள்ளிருந்து ஒரு குட்டி மூக்கு மட்டும் தெரிந்தது.

காதோரம் நரை விழுந்து, இனிமேல் எங்கே என்று ஊரே கைவிட்ட பிறகு பிறந்த பிள்ளை.

"கண்ணை மூடினா இவன் மூச்சு நின்னுருமோன்னு இருக்கு. மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பார்த்துக்கிட்டே கிடக்கேன். அப்படியும் நேத்து இவனை வச்சுக்கிட்டு நின்னபடியே தூங்கிட்டேன். இவன் தலை கதவு நிலையில இடிக்கப் போச்சு. மயிரிழையில தப்பிச்சான். எனக்கு என்னை நினைச்சாலே பயமா இருக்கு அம்மா."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

"வீட்டுக்காரர் எங்க?"

"வெளிய வண்டிக்கிட்ட நிக்காங்க."

"பிள்ளையைக் கொஞ்ச நேரம் வாங்கிக்க மாட்டாரா?"

"அவங்க கேட்கத்தான் செய்றாங்க. நான்தான் குடுக்கல. மாட்டுக் கயிறு பிடிக்கிற முரட்டுக் கை அம்மா. இவனுக்கு இன்னும் கழுத்தே நிக்கல."

பிச்சம்மை சமையல்கட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

அங்கே ஓர் அடுப்பு உண்டு. மடத்தைக் கட்டியவர் பற்றவைத்தது, அன்றிலிருந்து அணைந்ததே இல்லை. எந்நேரம் யார் பசி என்று வந்தாலும் சோறு கிடைக்கும். ஆறு உள்ளே புகுந்த வருஷம்கூட, தணலைச் சட்டியில் அள்ளி மச்சுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்களாம்.

"அது ஒரு நாளும் தூங்கினதில்ல. எப்படித் தூங்காம இருக்குன்னு அதுக்கிட்டயே கேட்டுட்டு வாங்க."

இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே செண்பகம் எழுந்து போனாள். புகை படாத இடமாகப் பார்த்து, பிள்ளையோடு கதவோரம் உட்கார்ந்தாள்.

அடுப்பின் மேல் ஓர் அண்டா. ஆளே இறங்கிக் குளிக்கலாம், அவ்வளவு பெரிசு. சுடலையாண்டி என்ற சீடன் நீளமான இரும்புக் கம்பியால் விறகை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான்.

பார்த்தாள், பார்த்தாள். பிறகு எழுந்து வந்தாள்.

"புளிய விறகு போடுறாங்க அம்மா. நின்னு எரியுது. நல்லாச் சாப்பிட்டா தூங்காம இருக்கலாம். அதானே?"

"இல்லக்கா. சாப்பிட்டா இன்னும் நல்லாத் தூக்கம் வரும்."

திரும்பிப் போனாள். இப்போது அவளுக்கே ஒரு குறுகுறுப்பு. அப்படி என்னதான் இருக்கிறது இந்த அடுப்பில்?

மதியச் சோறு வெந்து அண்டாவை இறக்கினார்கள். சுடலையாண்டி தணலைக் குவித்து, மேலே சாம்பலைப் போட்டு மூடினான். செண்பகத்துக்குப் பளிச்சென்று ஏதோ பிடிபட்டது. பிள்ளையை அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"மேல சாம்பல், உள்ள கனல்! கண்ணை மூடிக்கிட்டு உள்ளுக்குள்ள முழிச்சிருக்கணும். அதானே அம்மா?"

கேட்க என்னவோ பெரிய வேதாந்தம் மாதிரிதான் இருந்தது. பிச்சம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த மாதிரி முழிச்சிருந்துதானேக்கா தலை நிலையில இடிக்கப் போச்சு? போங்க. நீங்க தீயையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க."

தீயைப் பார்க்காமல் அடுப்பில் வேறு எதைப் பார்ப்பதாம்?

வெயில் தாழ்ந்து மறுபடியும் உலை ஏற்றினார்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற நேரம், நெடுநெடுவென்று இன்னொரு சீடன் வந்தான். சுடலையாண்டி கம்பியை நீட்டினான். வந்தவன் இறுக்கிப் பிடிக்கும்வரை விடவில்லை. பிடித்ததும் விட்டான். விட்டவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போய், மருத மரத்தடியில் படுத்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

செண்பகத்துக்குப் பகீரென்றது. பின்னாலேயே போனாள்.

"அண்ணாச்சி! உலை கொதிக்குது, நீங்க பாட்டுக்கு இங்க வந்து படுத்துட்டீங்க!"

"அவன் இருக்கான்லா" என்றது துண்டு.

"அவர் அசந்துட்டா? சோறு அடிப்பிடிச்சா?"

"பிடிக்கும்."

"பிடிக்குமா!"

"நேத்தும் பிடிச்சுது. தின்னோம்."

அடுத்த மூச்சே குறட்டையாக வந்தது.

செண்பகம் அங்கேயே நின்றாள். அங்கிருந்து பார்த்தால் அடுப்பு தெரிந்தது. நெடியவன் புகையில் இருமினான், கண்ணைக் கசக்கினான், விறகைக் கோணலாகத் தள்ளினான். சுடலையாண்டி அளவுக்கு அவனுக்குக் கைப்பழக்கம் இல்லை என்பது நன்றாகவே தெரிந்தது.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அவள் பிச்சம்மையின் அறையைத் தாண்டி நடந்தாள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

வாசலில் அவள் புருஷன் ஆவுடையப்பன் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான்.

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

எதற்கென்று புரிந்ததும் அந்த மனுஷன் தொட்டித் தண்ணீரில் முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். வேட்டியில் துடைத்தான், மறுபடியும் போய்க் கழுவினான்.

"இடது கையை மடக்குங்க. கழுத்துக்கு அடியில குடுங்க. ம்."

அந்த முரட்டுக் கை வெடவெடவென்று நடுங்கியது. நடுக்கம் நிற்கும்வரை அவள் தன் கையை எடுக்கவில்லை. நின்றதும் எடுத்தாள்.

"ஏளா" என்றான் ஆவுடையப்பன். "இவனுக்கு எங்க அப்பா மூக்குளா."

அவள் வண்டியில் ஏறி வைக்கோல் மேல் படுத்தாள்.

"ஏளா, அழுதான்னா?"

"அழுவான்" என்று முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பிச்சம்மை வாசலுக்கு வந்தாள்.

"என்னக்கா, பதிலே சொல்லாமப் போயிட்டீங்க? அடுப்பு என்ன சொல்லிச்சு?"

குருவுக்கு முன்னால் ஆவுடையப்பன் அதுவரை நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. வாயில் விரல் வைத்துக் காட்டலாமென்றால் இரண்டு கையிலும் பிள்ளை.

"உஸ்ஸ்ஸ்!" என்றான்.