யானை வர விட்ட இடைவெளி

ஆற்றோரத்தில் எலிகளுக்கு ஒரு நகரம் இருந்தது. தெரு உண்டு, சாக்கடை உண்டு, ஊருக்கே சோறு போடும் தானியக் கிடங்கும் உண்டு. போன மழையில் ஆறு உள்ளே புகுந்து அத்தனையையும் நாசம் செய்துவிட்டது. எலிகள் எட்டு நாள் கருவேல மரத்தில், முள்ளில் உட்காரவும் முடியாமல் நின்றுகொண்டே கிடந்தன.

"இனி ஒரு சொட்டு உள்ளே வரக் கூடாது!" என்றார் நகரத் தலைவர் தொந்தியப்பன். அவர் ஒரு பெருச்சாளி. சும்மா சொல்லக் கூடாது, வேலை மளமளவென்று நடந்தது. ஆற்றை ஒட்டி நீளமாகக் கரை எழுந்தது.

நடுவில் மட்டும் ஒரு பெரிய இடைவெளி.

"இதை எப்ப அடைக்கப் போறீங்க?" என்று கேட்டாள் செங்கமலம். பள்ளத் தெருவில் குடியிருக்கும் எலி அவள். கண் திறக்காத ஒன்பது குஞ்சுகள் வேறு.

"அடைக்கறதா! திறப்பு விழாவுக்கு யானையார் வர்றாரே! ஏறிக் குதிச்சா வருவார்? அவர் அகலத்தை விசாரிச்சு, அளவா வழி விட்டிருக்கேன்!"

"தலைவரே, யானை நுழையற வழியில ஆறு நுழையாதா?"

"ஆத்துக்கு யாரும்மா அழைப்பு வெச்சது?"

கூட்டம் கைதட்டியது. என்ன கூட்டமோ, போங்கள்!

செவ்வாய்க்கிழமை விழா என்றார்கள். செவ்வாய் ஆகாதாம். புதன்கிழமை யானையாருக்குக் கரும்புத் தோட்டத்தில் சோலி. வியாழக்கிழமை பாட வேண்டிய தவளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இப்படியே பதினோரு நாள் ஓடியது. மலைப் பக்கம் இடி இடித்தது. தலைவர் என்ன செய்தார் தெரியுமா? இடைவெளியின் குறுக்கே ஒரு பூங்கொடியைக் கட்டினார்.

"யானையார் வெட்டற வரைக்கும் யாரும் இதைத் தாண்டக் கூடாது! கண்டிப்பு!"

மறுநாள் காலை ஆறு வந்தது. கொடியை அது வெட்டவில்லை, மரியாதையாக அடியில் புகுந்து வந்துவிட்டது.

"ஏய்! விழா இன்னும் ஆரம்பிக்கலை!" என்று கத்திய தலைவரைப் புரட்டிப் போட்டுவிட்டு, தண்ணீர் தானியக் கிடங்குக்குள் பாய்ந்தது. செங்கமலம் குஞ்சுகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். ஐந்து ஆயிற்று. நாலு இன்னும் வளைக்குள். தண்ணீரோ பள்ளத் தெரு முனைக்கு வந்துவிட்டது. பெற்றவளுக்கு எப்படி இருக்கும்!

அந்த நேரம் பார்த்து யானையார் வந்தார். எந்த வழியாக? ஊருக்குப் பின்னால், காட்டுப் பாதை வழியாக!

"என்னய்யா இது, கரையில இவ்வளவு பெரிய ஓட்டை?"

"நீங்க வர்றதுக்குத்தான் ஐயா!" என்றார் தலைவர், வாயிலிருந்த சேற்றைத் துப்பியபடி.

"நான் காட்டுல இருக்கேன். ஆத்துக்குள்ள இருந்தா வருவேன்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"பேச்செல்லாம் அப்புறம்! ஐயா, அந்த ஓட்டையில போய் உட்காருங்க!" என்று அலறினாள் செங்கமலம்.

"ஐயோ, மேடையில நாற்காலி போட்டிருக்கே!" என்று பதறினார் தலைவர். மேடை எப்போதோ மிதந்து போயிருந்தது.

யானையார் ஓட்டையில் போய் உட்கார்ந்தார். தலைவர் எடுத்த அளவு அப்படி, ஒரு விரல்கடைகூடச் சந்து இல்லை. தண்ணீர் நின்றது. செங்கமலம் வளைக்குள் பாய்ந்து மீதி நாலையும் தூக்கி வந்தாள். ஒன்பதையும் இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான் அழுதாள்.

எலிகள் யானையின் முதுகுப் பக்கம் மண்ணைக் கொட்டின. அவரும் சும்மா இருப்பானேன் என்று, ஆற்றைப் பார்த்தபடியே திறப்பு விழாப் பேச்சைப் பேசி முடித்தார். மாலைக்குள் இடைவெளி அடைபட்டது. அரை நாள் வேலை! இதற்குத்தான் பதினோரு நாள் காத்திருப்பு!

கிடங்கில் ஒரு பிடி நெல் மிஞ்சவில்லை. யானைக்கென்று கட்டி வைத்த சாமந்தி மாலையைத்தான் அன்று ஊரே தின்று பசியாறியது. தலைவருக்கு மாலை கட்டிய நாரை மட்டும் கொடுத்தார்கள்.

ஆபத்தைத் தடுக்கும் வேலையை விழாவுக்காக நிறுத்தி வைக்காதீர்கள். வெள்ளம் நம் நல்ல நேரம் பார்த்து வராது.